முற்றத்தில் உட்கார்ந்த மெக்கானிக்

ஏசி பழுது பார்க்க வருகிறவர்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒரு வழக்கம் உண்டு. பையைக் கீழே வைத்ததும், முன்னால் வந்தவருடைய ஸ்டிக்கருக்கு மேலே தங்கள் ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார்கள். மெஷின் சரியாகிறதோ இல்லையோ, அதன் நெற்றியில் இருக்கும் போன் நம்பர் மாறிவிடும். போன மீன மாதத்தில், பங்குனி வெயிலில், எங்கள் வீட்டு ஏசியில் இப்படி மூன்று ஸ்டிக்கர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. ஒன்றில் பென்குயின், ஒன்றில் பனிமலை, மூன்றாவதில் கைகூப்பிச் சிரிக்கும் ஒரு பெண். அறை மட்டும் அடுக்களை மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது.

திருவனந்தபுரத்தில் எங்கள் வலியசாலை அக்ரஹாரத்தில் ஏசி என்றால் இன்றைக்கும் சிலருக்கு மூக்கு சுளிக்கும். "பத்மஜாவுக்கு வந்த வாழ்வைப் பாரு" என்று இரண்டு வீடு தள்ளி இருக்கும் அனந்தலக்ஷ்மி மாமி சொன்னது என் காதுக்கும் வந்தது. சொல்லிவிட்டுப் போகட்டும். என் கணவர் வெங்கிடேஷுக்கு நரம்பில் ஒரு வியாதி. குளிர்ந்த அறையில் இருந்தால் மனிதர் கம்பை ஊன்றி நடப்பார், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாகக் கணக்குப் பாடம் எடுப்பார், நேரம் மிச்சமிருந்தால் என்னை வம்புக்கு இழுப்பார். உடம்பில் சூடு ஏறினால் கால் சொன்ன பேச்சைக் கேட்காது. கண் மங்கும், நாக்கு குழறும். திரும்பக் குளிர்ந்தால் சரியாகிவிடும். எங்களுக்கு ஏசி என்பது மாத்திரை டப்பாவோடு சேர்ந்த சமாசாரம்.

அந்த மெஷின், வெயில் ஏறத் தொடங்கிய கும்ப மாதத்திலிருந்தே மக்கர் பண்ண ஆரம்பித்தது. மெக்கானிக் வந்து நிற்கும்போது சமர்த்தாக ஓடும். அவர் தெரு முனை தாண்டி ஒரு மணி நேரம் ஆனதும் வெளியே வைத்திருக்கும் பெட்டி 'டக்' என்று நின்றுவிடும். பிறகு வெறும் காற்றுதான். முதலில் வந்தவர் கேஸ் தீர்ந்துவிட்டது என்று நிரப்பினார். இரண்டாவது ஆளும் அதையே சொன்னார். மூன்றாவது ஆள் இதில் ஒன்றுமில்லை, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள் என்றார். இரண்டு வருஷம்கூட ஆகாத மெஷின். எனக்கு வந்த கோபத்தில் அவருக்குக் காப்பிகூடக் கொடுக்கவில்லை.

என்னோடு ஆபீஸில் வேலை பார்க்கும் ஷிஜாதான் நாலாவது நம்பர் கொடுத்தாள். "தாணு ஏசி சர்வீஸ். தம்பானூர்ல லாட்ஜ் லாட்ஜா வேலை பாத்த ஆளு. நல்ல மெக்கானிக்காணு" என்றாள். கூப்பிட்டேன். எடுத்தவர் பொறுமையாக எல்லாம் கேட்டுக்கொண்டு, நாளைக் காலை பத்து மணி என்றார்.

பத்து மணிக்கு வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. பின்னால் கட்டியிருந்த அலுமினிய ஏணியை அவிழ்த்துத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு பெண் இறங்கினாள். நாற்பது வயது இருக்கும். சுடிதாருக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, நெற்றியில் விபூதி, இடுப்பில் கருவிப் பை. நான் அவளைத் தாண்டி ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே வேறு ஆள் இல்லை.

"மெக்கானிக் எப்போ வருவார்?" என்று கேட்டேன்.

"அவரு போன்ல இருப்பாரு மாமி. நான் மாடம்மாள். அவருக்க வீட்டுக்காரி. மெஷினை நான் பாக்கேன்."

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவள் அப்படியே வாசற்படியில் நின்றுவிட்டாள். உள்ளே வரலாமா என்று கேட்கிற நிற்பு அல்ல. திரும்பிப் போகச் சொல்கிறாயா என்று கேட்கிற நிற்பு. அது எனக்கு அப்போது புரியவில்லை. உள்ளிருந்து வெங்கிடேஷ்தான் குழறின நாக்கோடு சத்தம் போட்டார். "பத்மா, மூணு ஆம்பளைகள் வந்து என்ன கிழிச்சா? அவளை உள்ள விடு."

அவள் பையை இறக்கினாள். பைக்குள்ளிருந்து ஸ்டிக்கர் கட்டு வெளியே வந்தது. சரி, இவளும் தொடங்கிவிட்டாள் என்று நினைத்தேன். அவளோ அதை ஓரமாக வைத்தாள். "ஒட்டணும்னு அவரு தந்து விட்டிருக்காரு. மொதல்ல இது சரியாகட்டும், பொறவு ஒட்டுகேன்." எனக்கு அவளைப் பிடித்துப்போக ஆரம்பித்தது அந்த இடத்தில்தான்.

ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் கழுவினாள். பிறகு வெளிப் பெட்டி எங்கே என்று கேட்டாள். முற்றத்துக்குக் கூட்டிப் போனேன். எங்கள் வீடு பழைய மாதிரி வீடு. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், நடுவில் சின்ன முற்றம். மாமனார் காலத்திலேயே முற்றத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பிக் கதவு வைத்துவிட்டார்கள். மெஷின் வாங்கின அன்று கடைக்காரர்கள் வெளிப் பெட்டியைத் தெருப்பக்கச் சுவரில் மாட்டத்தான் வந்தார்கள். நான் ஒரேயடியாக மறுத்துவிட்டேன். உற்சவத்தின்போது சுவாமி எங்கள் தெரு வழியாகத்தான் எழுந்தருளுவார். அவர் வாசலில் வந்து நிற்கும்போது முகத்துக்கு நேரே நம் வீட்டுச் சூட்டை ஊதுவதா? கொல்லைப்புறம் தூரம், குழாய் எட்டாது என்றார்கள். அப்படித்தான் பெட்டி முற்றத்துக்கு வந்தது.

மாடம்மாள் கதவை விரியத் திறந்து ஒரு கல்லை முட்டுக் கொடுத்தாள். முன்னால் வந்த மூவரும் செய்ததும் இதுதான். கையடக்கமான ஒரு மீட்டரைப் பெட்டியின் கம்பியில் கவ்வவிட்டு, கேஸ் அளக்கிற முள்ளையும் மாட்டிப் பார்த்தாள். போனில் தாணுவிடம் படித்துச் சொன்னாள். கேஸ் சரியாக இருக்கிறது, கரண்டு ஏழு ஆம்பியர், அதுவும் சரி.

"மாமி, இது எப்பம் நிக்கும்?"

"நீங்கள்லாம் இருக்கறப்போ நிக்காது. நீங்கள் போய் ஒரு மணிக்கூர் ஆனா நின்னுடும். எனக்கு ஒண்ணும் மனசிலாகல."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்பம் நான் போயிட்டேன்னு நெனச்சுக்கிடுங்கோ. கதவு ஜன்னல் எல்லாம் எப்பவும் எப்பிடி இருக்குமோ அப்பிடியே இருக்கட்டும். நான் இதுக்க பக்கத்துல இருக்கேன்."

முற்றத்துக் கதவை நாங்கள் எப்போதும் சாத்தித்தான் வைப்போம். பெட்டியின் இரைச்சல் பாடத்துக்கு இடைஞ்சல், தவிர பூனை வரும். கல்லை எடுத்துக் கதவைச் சாத்தினேன். அவள் உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு மெஷினுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள். மனசு கேட்காமல் இரண்டு டம்ளர் மோர் எடுத்துக்கொண்டு நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்படித்தான் மாடம்மாளின் கதை எனக்குத் தெரியவந்தது. வெங்கிடேஷ் கேட்டால் நான் வாயைப் பிடுங்கினேன் என்பார்.

சுசீந்திரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி. கல்யாணம் ஆனதும் தாணு அவளைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டி வந்தான். கரமனையில் ஒரே ஒரு அறை. அவன் லாட்ஜில் ரூம் பாயாகச் சேர்ந்து, அங்கே ஏசி பார்க்க வருகிறவர்களின் பின்னாலேயே அலைந்து தொழிலைப் பிடித்துக்கொண்டவன். இவள் தம்பானூரில் ஒரு ஓட்டல் அடுக்களையில் ஒன்பது வருஷம் தோசைக்கல்லின் முன்னால் நின்றாள். "காலையில அஞ்சு மணிக்குக் கல்லு காஞ்சா, ராத்திரி வரைக்கும் ஆறாது. வீட்டுக்கு வந்து குளிச்சாலும் உடம்புக்குள்ள கல்லு காஞ்சுக்கிட்டே இருக்கும்" என்றாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கர்க்கடக மாதம், ஆடி மழை. தாணு ஒரு வீட்டின் இரண்டாம் மாடி சன்ஷேடில் நின்று வெளிப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். மழையில் பாசி பிடித்த சிமெண்டு, கால் வழுக்கியது. இடுப்பு எலும்பு உடைந்து, பொருந்தி எழுந்தபோது இடது கால் கட்டையாகிவிட்டது. மூன்று மாதம் படுக்கை. அதற்குப் பிறகு அவனால் ஏணியில் இரண்டு படிக்கு மேல் ஏற முடியாது. ஏறுவதை நினைத்தாலே வியர்த்துவிடும்.

"வேலையை விட்டுடுகேன்னாரு. நான் விடல. ஏணியை நான் சொமந்துக்கிட்டு வாறேன், நீங்க ஆள விட்டு ஏத்திச் செய்யுங்கன்னேன். ஏத்த ஆள் கெடைக்கல. ஒரு நாள் கோவம் வந்து நானே ஏறிட்டேன்." சிரித்தாள். "அவரு கீழ நின்னு மேல பாக்கவே மாட்டாரு. தரையைப் பாத்துக்கிட்டே போன்ல சொல்லுவாரு. எந்த ஸ்குரு, எந்த வயரு, எவ்வளவு முறுக்கணும். அப்பிடிப் படிச்சதாக்கும். இப்பம் அவரு வாறதே இல்ல. வீட்டுல இருந்து போர்டும் மோட்டாரும் பாப்பாரு. வெளி வேலை பூரா நான்தான்."

"அப்போ மெக்கானிக் நீதானே?" என்றேன். 'நீங்கள்' எப்போது 'நீ' ஆனதென்று எனக்கே தெரியாது.

 மீட்டரைப் பார்த்தாள். ஏழே முக்கால் என்று காட்டியது.

"ஸ்டிக்கர்ல அவருக்க பேரு, அவருக்க நம்பரு. போற எடத்துல எல்லாம் மெக்கானிக் எப்பம் வருவாருன்னு கேப்பாங்க. போன வாரம் வழுதக்காட்டுல ஒரு பிளாட்டுல வாசலோட அனுப்பிட்டாங்க. ஆள கூட்டிட்டு வான்னு சொல்லிக் கதவ சாத்தியாச்சு. ஏணியோட நாலு மாடி எறங்கினேன் மாமி. அன்னைக்கு அவருகிட்ட கேட்டேன், எனக்க பேரையும் அதுல போட்டு அடிங்கோன்னு. பாப்போம்னாரு. பாப்போம்னா இல்லைன்னு அர்த்தமாக்கும்."

காலையில் வாசற்படியில் அவள் நின்ற நிற்பு எனக்கு அப்போதுதான் விளங்கியது. எனக்கு வெட்கமாக இருந்தது. சாரமில்லை, போகட்டும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடக்கூடிய விஷயமல்ல அது. "நானும் அப்படித்தான் கேட்டேன், மன்னிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டேன். அவள் மோரைக் குடித்து முடித்தாள். கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் டம்ளரைத் தானே கழுவி வைக்க எழுந்தவளை நான் விடவில்லை.

முக்கால் மணி நேரத்தில் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. புடவை முதுகோடு ஒட்டியது. அவள் நெற்றி விபூதி கரைந்து வழிந்துகொண்டிருந்தது. மீட்டர் எட்டே கால், ஒன்பது என்று ஏறிக்கொண்டே போனது. ஒன்பதரை தாண்டியதும் 'டக்'. பெட்டி நின்றது. அறைக்குள் வெங்கிடேஷ் "போச்சு" என்றார்.

மாடம்மாள் போனை ஸ்பீக்கரில் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். தாணு கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"கம்ப்ரசர் போச்சு. கரண்டு ஏறி ஏறி நிக்குதுன்னா அதுக்கு உள்ள தேஞ்சாச்சு. கழத்தி எடுத்துட்டு வா, வேற மாத்துவோம்."

"கம்ப்ரசர் நல்லா இருக்கு."

"எப்பிடிச் சொல்லுக?"

"கதவு தொறந்திருந்தப்போ ஏழுலயே நின்னுது. சாத்தினப் பொறவுதான் ஏறுது. தேஞ்ச கம்ப்ரசருக்குக் கதவு சாத்தினது எப்பிடித் தெரியும்?"

"நீ எனக்குப் பாடம் எடுக்காண்டாம். இருபது வருசமா நான் பாக்காத மெஷினா? கழத்து."

அவள் முகம் சிவந்தது. சொன்னபடி கழற்றினால் தப்பு அவனுடையது. கழற்றாமல் போய் நாளைக்கு மெஷின் நின்றால், ஏணி தூக்கத் தெரிந்தவள் மெக்கானிக் ஆகப் பார்த்தாள் என்று ஊர் சிரிக்கும். இனி ஆயுசுக்கும் அவள் பெயர் எந்த ஸ்டிக்கரிலும் ஏறாது. இது எனக்கே தெரிந்தது என்றால் அவளுக்குத் தெரியாதா?

"இஞ்ச பாருங்கோ" என்றாள், குரலை உயர்த்தாமல். "நீங்க அங்க இருக்கேள். நான் இந்த வேக்காட்டுல ஒரு மணி நேரமா இருக்கேன். ஒங்களுக்குக் கேக்கத்தான் முடியும். எனக்கு உடம்புல படுது. ஓட்டல் அடுக்களையில பொகை போற எடத்தைப் பக்கத்துக் கட்டடம் அடைச்சப்போ இருந்துதே ஒரு சூடு, அதே சூடாக்கும் இது. போன சூடு திரும்பி மூஞ்சிலேயே வருது. போனைக் கட் பண்ணாதீங்கோ, நம்பரை மட்டும் கேளுங்கோ."

கதவைத் திறந்து கல்லை வைத்தாள். மெஷின் ஆறக் கால் மணி நேரம் காத்திருந்துவிட்டுப் போட்டாள். வேறு எதையும் தொடவில்லை. "ஏழேகால்." கொஞ்ச நேரம் கழித்து, "ஏழு." பிறகு கதவைச் சாத்தினாள். "ஏழரை." காத்திருந்தாள். "எட்டு. எட்டே முக்கால்." மறுபடி திறந்தாள். "எட்டேகால். ஏழரை. ஏழு."

  அப்புறம் தாணுவின் குரல் வந்தது. "மேல என்ன இருக்கு?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். 

முற்றத்தின் மேல் இடைவெளியே இல்லாமல் வெள்ளை பிளாஸ்டிக் ஷீட் போட்டிருந்தது. அதைப் போட்டது நான். முந்தின வருஷம் ஜூன் மாதத்து இடவப்பாதி மழைக்கு முன்னால், இவ்வளவு பெரிய மெஷின் மழையில் நனைகிறதே என்று பரிதாபப்பட்டு, ஆள் வைத்து, பக்கத்தில் நின்று, ஒரு கொசு நுழையக்கூட ஓட்டை வைக்காதே என்று சொல்லிச் சொல்லி அடைக்க வைத்தேன். வந்த மெக்கானிக்குகளிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூரைக்கும் ஏசிக்கும் சம்பந்தம் உண்டென்று யாருக்குத் தோன்றும்? அவர்களும் வந்ததும் கதவைத் திறந்து வைத்துப் பத்து நிமிஷத்தில் வேலையை முடித்துக்கொண்டு போனார்கள். சுவாமிக்குச் சூடு அடிக்கக்கூடாது என்று முற்றத்தில் வைத்து, மெஷினுக்கு மழை படக்கூடாது என்று மூடி, எல்லாச் சூட்டையும் பத்திரமாக என் புருஷனுக்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

"நான்தான் போட்டேன். மெஷின் நனையுமேன்னு..." என்றேன்.

"மாமி, வெளிய வைக்கதுக்குன்னே செஞ்ச பெட்டியாக்கும் இது. மழை, வெயில் எல்லாம் தாங்கும். மூச்சு முட்டினா மட்டும் தாங்காது."

"மழை முற்றத்துக்குள்ள வருமே?"

"முற்றம்னா மழை வரத்தானே கெட்டியிருக்கு?"

 உள்ளேயிருந்து வெங்கிடேஷின் சிரிப்பு கேட்டது. "பத்மா, தப்பு மெஷின் மேல இல்ல, உன் மேலன்னு எவ்வளவு நாசூக்கா சொல்றா பாரு." நாக்கு குழறினாலும் வம்பு குழறாது அவருக்கு.

அவள் ஏணியைச் சுவரில் சாய்த்து மேலே ஏறினாள். ஒவ்வொரு ஸ்குருவாகக் கழற்றி நாலு ஷீட்டை எடுத்துக் கீழே கொடுத்தாள். நான் வாங்கி வாங்கி அடுக்கினேன். ஒவ்வொன்றும் விலக விலக முற்றத்தில் வெளிச்சம் விழுந்தது. பத்து மாதமாக அங்கே வானம் இருந்ததையே மறந்திருக்கிறேன்.

பிறகு கதவைச் சாத்தச் சொல்லி, அதே ஸ்டூலில் திரும்பவும் உட்கார்ந்தாள். அவள் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தட்டில் சாதமும் எரிசேரியும் கொண்டுபோனேன். மீட்டரில் ஒரு கண் வைத்துக்கொண்டே சாப்பிட்டாள். ஏழு. ஒரு மணி நேரம் கழித்தும் ஏழு. இரண்டாவது மணி நேரம் முடிகிறபோது ஏழேகால், அங்கேயே நின்றது.

நாலு மணிக்கு வெங்கிடேஷின் வகுப்பு. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். முதலில் கொஞ்சம் தடுமாறினார். பிறகு அந்தப் பழைய கணீர்க் குரல் வந்தது. ஏதோ ஒரு பையன் தப்பாக விடை சொல்லிவிட்டான் போலிருக்கிறது, அவனைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார். ஒரு மாதமாக இந்தக் குரலைக் கேட்கவில்லை. நான் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மாடம்மாள் முற்றத்துக் கதவைத் திறந்து வந்தவள் என்னைப் பார்த்துவிட்டுப் பேசாமல் என் தோளில் கை வைத்தாள். கையெல்லாம் துரு.

வகுப்பு முடிந்ததும் உள்ளே போய் அந்த மூன்று ஸ்டிக்கரையும் ஒன்றாகச் சேர்த்து உரித்து எடுத்தாள். துடைத்துவிட்டுத் தன் கையிலிருந்ததை ஒட்டினாள். 'தாணு ஏசி சர்வீஸ்.' அந்த எழுத்தைப் பார்க்கும்போது அவளை விட எனக்குத்தான் எரிச்சலாக இருந்தது. அவள் நம்பரைக் கேட்டு என் போனில் தனியாகப் பதிந்துகொண்டேன்.

பத்து நாள் கழித்து, கோடை நடுவே வேனல் மழை ஒன்று பிடித்துக்கொண்டது. முற்றத்தில் சடசடவென்று விழுந்த மழை மெஷின் தலையில் கொட்டுவதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போய் மெஷினுக்குப் பிடித்தபடி மாடம்மாளுக்குப் போன் போட்டேன்.

"மாமி, இப்பம் எங்க நிக்கேள்?"

"முற்றத்துல. அதுக்குக் குடை பிடிச்சிண்டு நிக்கறேன்."

அந்தப் பக்கம் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. "குடையை நீங்க பிடியுங்கோ. அது நனையட்டும்."

அவள் குரலுக்குப் பின்னால் ஓர் ஆணும் சிரிப்பது கேட்டது.

தாணு எங்கள் வீட்டுக்கு வந்தது அதற்கு அடுத்த வாரம். வருகிறான் என்று யாரும் சொல்லவில்லை. பின்னால் இரண்டு கூடுதல் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் அவன் முன்னால், மாடம்மாள் பின்னால். ஒல்லியான ஆள், கண்ணாடி போட்டிருந்தான். ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்து, "மெஷினை ஒரு தரம் பாத்துட்டுப் போறேன் மாமி, வேற ஒண்ணுமில்ல" என்றான். மாடம்மாளைப் பார்த்தேன். தனக்கும் ஒன்றும் தெரியாது என்பது போல் உதட்டைப் பிதுக்கினாள். தன் வேலையைச் சோதிக்க வந்திருக்கிறான் என்று அவள் நினைத்திருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஏதாவது குறை சொல்லட்டும், இரண்டு கேட்டுவிடுவோம் என்று புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டேன்.

அவன் முற்றத்துக்குள் போய்க் கதவைச் சாத்தச் சொன்னான். அவள் உட்கார்ந்த அதே ஸ்டூலில் உட்கார்ந்தான். மீட்டரை எடுக்கவில்லை. கையை நீட்டி வெளியே வரும் காற்றைத் தொட்டுப் பார்த்தான், பிறகு அது போகிற வழியிலேயே அண்ணாந்து பார்த்தான். மேலே நாலு ஷீட் இருந்த இடத்தில் வானம். உயரத்தை நினைத்தாலே வியர்க்கிறவன் வெகுநேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ சொன்னது சரிதான். நானா இருந்தா கம்ப்ரசரைக் கழத்தியிருப்பேன். அப்பிடிக் கழத்தினா புது கம்ப்ரசரும் நின்னிருக்கும்" என்றான்.

மாடம்மாள் முற்றத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

எழுந்து உள்ளே வந்தான். ஏசிக்குக் கீழே நின்று கையை உயர்த்தினான், எட்டவில்லை. வெங்கிடேஷ் தன் கம்பை ஊன்றி எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் காட்டினார். தாணு நாற்காலியைப் பார்த்தான். வியர்வை அரும்பியது. "நான் ஏறுகேன்" என்று மாடம்மாள் முன்னால் வந்தாள். "வேண்டாம், நீ பிடிச்சுக்க" என்றான். அவள் இரண்டு கையாலும் நாற்காலியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவன் ஏறினான். ஒரே ஒரு நாற்காலி உயரம்தான். 

நகத்தால் சுரண்டித் தன் ஸ்டிக்கரை உரித்தான். சட்டைப் பையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து ஒட்டினான். பச்சை எழுத்து, அச்சு மை வாசனைகூடப் போகவில்லை. 'மாடம்மாள் ஏசி சர்வீஸ்' என்று தமிழிலும் மலையாளத்திலும். அதற்குக் கீழே அவளுடைய நம்பர். இன்னும் கீழே சின்ன எழுத்தில், 'போர்டு, மோட்டார் பழுதுக்கு தாணு'.

அவள் நாற்காலியை விடாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்துவிட்டது.

"கோணலா ஒட்டிட்டேளே" என்றாள்.

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அவன் இறங்கினான்.

நான் காப்பி போட அடுக்களைக்குத் திரும்பினேன். அந்த நேரம் பார்த்து ஒரு போன் அடித்தது. மூன்று வருஷப் பழக்கத்தில் தாணுவின் கை தன் சட்டைப் பைக்குப் போனது. அடித்தது அவனுடையதல்ல. மாடம்மாள் தன் போனை எடுத்து, தெரியாத நம்பராயிற்றே என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"பத்மஜா இந்த நம்பர் தந்தா. அவாத்துக்கு ரெண்டு வீடு தள்ளி எங்காத்துல நேத்திக்குத்தான் ஏசி வெச்சோம், தண்ணி சொட்டறது" என்றது அனந்தலக்ஷ்மி மாமியின் குரல். ஆமாம், மூக்கைச் சுளித்த அதே மாமிதான். "மெக்கானிக் இருக்காரா?"

மாடம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மெக்கானிக்தான் பேசுகேன்" என்றாள். "ரெண்டு வீடு தள்ளித்தான் இருக்கேன் மாமி. இப்பமே வாறேன்."